ஜெர்மனியில் பட்டம் இல்லாமல் மென்பொருள் உருவாக்குநர் ஆவது எப்படி?

பல்கலைக்கழகம் செல்லாமல் ஜெர்மனியில் மென்பொருள் உருவாக்குநராக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், 'ஃபாக்இன்ஃபர்மாட்டிக்கர்' என்னும் தொழிற்பழகுநர் பயிற்சி அங்கே 1997 முதல் நடைமுறையில் உள்ளது.

இதில் சேர முதலில் தேட வேண்டியது கல்லூரியை அன்று, ஒப்பந்தம் தரும் நிறுவனத்தை. வாரத்தின் பெரும்பகுதியை அந்நிறுவனத்தில் உதவித்தொகையுடன் பணியாற்றியும், எஞ்சிய ஓரிரு நாள்களைத் தொழிற்பள்ளியில் படித்தும் கழிப்பீர்கள். சில இடங்களில் பள்ளி வகுப்புகள் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் நடக்கும். மொத்தக் காலம் 3 ஆண்டுகள்.

தேர்வை நடத்துவது பள்ளியோ நிறுவனமோ அன்று, அவ்வட்டாரத் தொழில் வணிகச் சபை. இடையில் எழுதும் முதற்பகுதிக்கு 20 விழுக்காடு மதிப்புதான். இறுதிப் பகுதியில் எழுத்துத் தேர்வுகளோடு, நிறுவனத்தின் உண்மையான தேவை ஒன்றுக்கு 80 மணி நேரத்துக்குள் திட்டப்பணியை முடித்து, ஆவணப்படுத்தி, தேர்வுக் குழுவின் முன் விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் கருத்தில் இப்பயிற்சியின் உயிர்நாடி இதுவே.

வகுப்பும் தேர்வும் ஜெர்மன் மொழியில் நடப்பதால், நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. நேர்காணலின்போது, உங்களுக்கு வழிகாட்டப்போகும் மூத்த உருவாக்குநர் யார் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் மூன்றாண்டுகளும் அச்சுப்பொறி பழுதுபார்ப்பதிலேயே போய்விடலாம்.