கணைக்காலில் போத்தல் உருட்டலாமா? முவாய் தாய் கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் எங்களோடு தாய்லாந்தின் சண்டைக் கலையான முவாய் தாய் பழக வருபவர்களும் வர நினைப்பவர்களும் கேட்டவை, கேட்டவரின் ஊர்ப்பெயரோடு. பதில் சொல்கிற நான் பதினொரு வருடமாகப் பழகுகிறவன். அதில் மூன்று மாதம் தாய்லாந்தில்.

கல்லடி: அண்ணன், நான் கராத்தே பிரவுன் பெல்ட். கிக்பொக்ஸிங்கும் முவாய் தாயும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. முவாய் தாயில் எட்டு ஆயுதம்: இரண்டு கைமுட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால் (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு). கழுத்தைக் கட்டிப்பிடித்து நின்றபடியே முழங்காலால் இடிக்கலாம், ஆளைச் சரித்து விழுத்தவும் செய்யலாம். கிக்பொக்ஸிங் 1960களில் யப்பானில், கராத்தேயும் முவாய் தாயும் கலந்து உருவானது. 1993ல் தொடங்கிய கே-1 என்ற கிக்பொக்ஸிங் போட்டியில் முழங்கை அடியே கிடையாது. உங்கள் கராத்தே வீண்போகாது, தூரம் அளக்கிற கண் வந்திருக்கும். ஆனால் உதைத்ததும் காலைச் சட்டென்று இழுக்கிற பழக்கத்தை மறக்கவே ஆறு மாதம் போகும். இங்கே இடுப்பைத் திருப்பி, கத்தியால் வாழை தறிக்கிற மாதிரிக் கணைக்காலை உள்ளே விட வேண்டும்.

காத்தான்குடி: மாஸ்டர், கணைக்கால் இறுகப் போத்தல் உருட்டச் சொல்றான் கூட்டாளி. செய்யலாமா?

வேண்டாம். நானும் உருட்டினவன்தான். வீங்கி, இரண்டு கிழமை நொண்டினேன். எலும்பு இறுகுவது திரும்பத் திரும்பப் படுகிற அளவான பாரத்தால். அதற்கு மாதங்கள் எடுக்கும். தொங்கும் பயிற்சிப் பையை உதையுங்கள், அவ்வளவுதான். பை வாங்கக் காசில்லையா? உரப்பையில் தையல்கடை வெட்டுத்துண்டுகளை இறுக்கி அடையுங்கள். மணல் மட்டும் போட்டால் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், கால் போய்விடும். தென்னையில் உதைத்துக் காட்டுகிற வீரர்களை ரசியுங்கள், பின்பற்றாதீர்கள். ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, இரவில் படுத்தாலும் வலிக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள்.

அதே தம்பி: நோன்பு காலத்தில?

நோன்பு திறக்க முன் அரை மணித்தியாலம் நிழல் சண்டை (எதிராளி இல்லாமல் வெறும் காற்றில் அடிப்பது), காலடி. கடும் பயிற்சி தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு. உடம்பில் தண்ணீர் இல்லாத நேரம் தலையில் அடிவாங்கும் வேலை கூடவே கூடாது.

களுவாஞ்சிகுடி: என்ட மகனுக்குப் பதினொரு வயசு. விடலாமா தம்பி?

பழக விடுங்கள் அக்கா, போட்டிக்கு விடாதீர்கள். தாய்லாந்தில் வறுமையால் சின்னப் பிள்ளைகளும் காசுக்கு மேடையேறுகிறார்கள். 2018ல் 13 வயதுப் பையன் ஒருவன் போட்டியில் தலையில் அடிபட்டு இறந்தபோது அங்கேயே பெரிய வாதம் எழுந்தது. எங்களிடம் பதினாறுக்குக் கீழே தலைக்கு அடி இல்லை. என் சொந்த விதி அது, சிலருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

ஏறாவூர்: முதல் ரவுண்டுகள்ல ரெண்டு பேரும் ஆடிட்டு நிக்கிறாங்களே, ஏன்?

ஐந்து ரவுண்ட், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. தாய்லாந்து மேடையில் பிந்திய ரவுண்டுகளுக்கே நடுவர் கண்ணில் கனம் அதிகம். அதனால் முதல் இரண்டும் ஆளை அளக்கிற நேரம். அடித்த எண்ணிக்கையைவிட, அடிபட்டவன் நிலைகுலைந்தானா என்பதுதான் கணக்கு. விலாவில் விழுந்த ஒரு உதைக்கு முகத்தில் விழுந்த பல குத்துகள் ஈடாகாது. மேடைக்கு வந்ததும் ஆடுவது ‘வாய் க்ரு’. வாய் என்றால் வணக்கம், க்ரு என்பது நம் குருதான். குழலும் மேளமும் சின்னத் தாளமும் பக்கத்தில் இருந்து வாசிப்பார்கள், சண்டை சூடேற வாசிப்பும் வேகமாகும். நம் கூத்துக் களரியில் மத்தளம் ஆட்டக்காரரின் காலை விரட்டுமே, அதேதான். முதல்முறை கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அக்கரைப்பற்று: பெண்கள் பழகலாமா அண்ணன்?

தாராளமாக. பாங்கொக்கில் 1956ல் திறந்த லும்பினி என்ற முவாய் தாய் அரங்கில் பெண்கள் மேடையைத் தொடக்கூட முடியாமல் இருந்தது. 2021 நவம்பரில்தான் அங்கே முதல் பெண்கள் போட்டி நடந்தது. எங்களிடம் இப்போது நான்கு பிள்ளைகள் வருகிறார்கள், கட்டிப்பிடியில் பொடியன்மாரைவிடப் பொறுமை அவர்களுக்கு.

கல்முனை: முதல்ல என்ன சாமான் வாங்கணும்?

பல்லுக்கு மவுத்கார்ட். கையுறையை இரவல் தருவேன், மவுத்கார்ட் இரவல் இல்லை.