முதிய நாயின் இரவு விழிப்பு: மெலடோனின் தருவதற்கு முன்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு 12 வயது, எடை 30 கிலோ. தோல் அரிப்புக்காக இரண்டு மாதமாக ப்ரெட்னிசோலோன் மாத்திரையை இரவு உணவோடு தருகிறோம். இப்போது நள்ளிரவில் எழுந்து மூச்சிரைத்தபடி வீட்டைச் சுற்றி வருகிறது. மனிதர்கள் தூக்கத்துக்குப் போடும் மெலடோனின் மாத்திரையைத் தரலாமா?

பதில்: புதிய மாத்திரையைத் தேடுமுன், ஏற்கெனவே தந்துகொண்டிருப்பதைச் சந்தேகிக்க வேண்டும். அட்ரீனல் சுரப்பி இயல்பாகச் சுரக்கும் கார்டிசால் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனின் வேலையைச் செய்யும் மருந்து ப்ரெட்னிசோலோன். சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோனுக்கு அது குறுக்கே நிற்பதால் சிறுநீர் பெருகுகிறது, அதை ஈடுகட்டத் தாகம் எடுக்கிறது, பசியும் மூச்சிரைப்பும் கூடவே வருகின்றன. மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றுங்கள். இரவுத் தொல்லை பெரும்பாலும் அதிலேயே குறையும். (மனிதருக்குக் காலையில் தருவது கார்டிசாலின் அன்றாட ஏற்ற இறக்கத்தை ஒட்டியது, நாய்களில் அந்தத் தாளம் தெளிவாகத் தென்படுவதில்லை. இங்கே காரணம் தாகமும் சிறுநீரும்தான்.)

ஆனால் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் பிட்யூட்டரி சுரப்பி தன் தூண்டு ஹார்மோனைக் குறைத்துக்கொள்கிறது. தூண்டுவார் இல்லாத அட்ரீனல் புறணி சுருங்கிக் கிடக்கிறது. இந்நிலையில் மாத்திரையும் நின்றுபோனால், உடலுக்குத் தேவையான கார்டிசாலைத் தர யாரும் இல்லாமல், வாந்தியும் தளர்ச்சியும் ஏற்பட்டு நாய் மயங்கி விழவும் கூடும். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாற்றிய பிறகும் விழிப்பு தொடர்ந்தால் மூட்டுவலி, சர்க்கரை நோய், முதுமை மறதி ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். மறதிக்கென அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற செலஜிலின், மூளையில் டோபமின் சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. அதைக் காலையில்தான் தருவார்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனப்பதற்றத்துக்குத் தரும் ஃப்ளூவாக்ஸிடின், வலிக்குத் தரும் டிரமடால், உண்ணிக்குப் பூசும் அமிட்ராஸ் ஆகியவற்றுடன் அது சேரக் கூடாது.

மெலடோனின், இருட்டில் பீனியல் சுரப்பி சுரப்பது. வயதாக ஆகக் குறைவது. எனவே உங்கள் எண்ணம் தவறில்லை, அளவை மட்டும் மருத்துவர் சொல்லட்டும். மிட்டாய் வடிவில் விற்பதை வாங்காதீர்கள்: அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிடால் என்னும் இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியில் வீழ்த்தி, கல்லீரலையும் கெடுக்கும்.

அதுவரை, நாய் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரை அளந்து குறித்துவையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் நாய்க்கு 3 லிட்டரைத் தாண்டினால், அது மிகை. அதற்காகக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.