கிராம்பஸ் வரும் இரவு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் ஊர்க் கிராம்பஸ் ஊர்வலத்தின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் ஒன்பது வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். டிசம்பர் வந்துவிட்டால் இந்த வழக்கங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும், அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பதும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): கொம்பு, நீண்ட நாக்கு, சங்கிலி என்று பார்க்கவே பயமாக இருக்கிறதே. யார் அக்கா இது? கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எதிரியா?

எதிரி இல்லை, கூட வரும் ஆள். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர் புனித நிக்கோலாஸ். இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக (பிஷப்பாக) இருந்தவர். அவர் திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்தின இரவு, அதாவது 5ஆம் தேதி, அவர் வீடு வீடாக வருவார். நல்ல பிள்ளைக்கு அவர் பரிசு தருவார். சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைக் கிராம்பஸ் கவனித்துக்கொள்வான். கையில் பிர்ச் மர விளார், முதுகில் கூடை. ரொம்ப மோசமான பிள்ளையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பது கதை.

ஆஸ்திரியா மட்டுமில்லை, ஜெர்மனியின் பவேரியா, இத்தாலியின் தென் டிரோல், ஸ்லோவேனியா ஆகிய இடங்களிலும் இவன் உண்டு. ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோலில் இவனைக் 'கிளாவ்பாவ்ஃப்' என்பார்கள். ஸ்லோவேனியாவில் 'பார்க்கெல்'.

முக்கியமான விஷயம், ஆயர் முன்னால் நடப்பார், கிராம்பஸ் பின்னால் வருவான். அவர் கையை உயர்த்தினால் இவன் நின்றுவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இது வெறும் பயமுறுத்தல்தான். கீழே வரும் பதில்களில் திரும்பத் திரும்ப இதைச் சொல்வேன்.

கேள்வி (கோவை): நிஜமாகவே வீட்டுக்குள் வருவார்களா? குழந்தைகளை அடிப்பார்களா?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. நிக்கோலாஸாக வேடம் போடுபவரிடம் பெற்றோர் முன்கூட்டியே ஒரு சீட்டு கொடுத்துவிட வேண்டும். குழந்தை இந்த வருடம் என்ன நல்லது செய்தது, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நாலு வரி. நான் எழுதிக் கொடுத்தது: தம்பியோடு பொம்மையைப் பகிர்ந்துகொள்கிறாள்; சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறாள்.

ஏழு மணி வாக்கில் முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது. கிராம்பஸ் இடுப்பில் பெரிய பெரிய மணிகள் கட்டியிருப்பான். தெருமுனையில் நடக்கும்போதே வீட்டுக்குள் அதிரும். கதவைத் திறந்தால் வெள்ளைத் தாடி, உயரமான தொப்பி, கோலோடு நிக்கோலாஸ். அவர் மட்டும் உள்ளே வந்தார். இரண்டு கிராம்பஸ்கள் வாசற்படியிலேயே குனிந்து நின்றார்கள். ஈர ஆட்டுத்தோல் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அவர் தங்க அட்டை போட்ட பெரிய புத்தகத்தைத் திறந்து, உள்ளே செருகியிருந்த என் சீட்டை நிதானமாகப் படித்தார். தம்பி விஷயத்தைப் படித்ததும் மகளின் முகம் மலர்ந்தது. சாப்பாட்டு விஷயம் வந்ததும் வாசலில் ஒரு மணி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அவள் என் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மழலையர் பள்ளியில் கற்றுக்கொண்ட பாட்டைச் சொல்லச் சொன்னார், சொன்னாள். சிவப்புத் துணிப்பை கைக்கு வந்தது. உள்ளே தோலோடு நிலக்கடலை, மாண்டரின் ஆரஞ்சு, சாக்லேட்.

யாரும் அடிக்கவில்லை. வீட்டுக்குள் குழந்தையைத் தொடுவதற்கே நிக்கோலாஸ் விடமாட்டார். தெருவில் நடக்கும் ஊர்வலம் வேறு. அங்கே இளைஞர்களின் காலில் விளாரால் ஒரு போடு போடுவது வழக்கம், சில இடங்களில் நன்றாகவே வலிக்கும்.

கேள்வி (ஈரோடு): முகமூடியை எதில் செய்கிறார்கள்? நான் மரச்சிற்பம் செதுக்குபவன்.

உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். நல்ல முகமூடி என்றால் மரம்தான். உயர்மலையில் வளரும் 'சிர்பே' என்ற பைன் மரம், இல்லாவிட்டால் லிண்டன் மரம். இரண்டும் மென்மையானவை, உளிக்கு இழைந்து கொடுக்கும். சிர்பே மரத்தில் ஒரு மணம் உண்டு, வருடக்கணக்கில் போகாது. கொம்பு பெரும்பாலும் நிஜக் கொம்பு: வெள்ளாடு, செம்மறிக்கடா, சில சமயம் மலையாடு. உடம்புக்கு ஆட்டுத்தோல். முகமூடி, தோல், மணி எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். அதைச் சுமந்துகொண்டு பனியில் மணிக்கணக்கில் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் 'பாஸ்' என்று பெயர். காஸ்டைன் பள்ளத்தாக்கில் இந்தக் குழுக்கள் இன்னும் பழைய முறைப்படி ஒரு நிக்கோலாஸ், கூடைக்காரன், சில கிராம்பஸ்கள் என்று வீடு வீடாகப் போகின்றன. வழியில் இரண்டு குழுக்கள் எதிர்ப்பட்டால் கிராம்பஸ்கள் ஒருவரையொருவர் தோளோடு தோள் மோதிக்கொள்வார்கள். சண்டை இல்லை, அதுதான் வணக்கம். கிழக்கு டிரோலின் மாட்ரையில் இன்னொரு வழக்கம்: வீட்டு மேசையை இவர்கள் வெளியே இழுப்பார்கள், வீட்டு ஆண்கள் உள்ளே இழுத்துப் பிடிப்பார்கள்.

கேள்வி: கிராம்பஸ் வட ஐரோப்பியப் பாதாள தேவதை ஹெல்லின் மகன், கிறிஸ்தவத்துக்கு முந்தின கடவுள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

ஹெல்லின் மகன் என்பது அண்மைக்காலக் கற்பனை. பழைய வட ஐரோப்பியப் பாடல்களிலோ கதைகளிலோ அப்படி ஒரு வரிகூட இல்லை. ஆல்ப்ஸ் கிராமத்துக்காரர்களிடம் சொன்னால் விழிப்பார்கள்.

'ஆதிகாலக் கடவுள்' என்பதையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மலைமக்களிடம் தோல் போர்த்திய குளிர்காலப் பேய் வேடங்கள் இருந்தது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் ஆதி ஜெர்மானிய மதத்தின் மிச்சம் என்று எழுதுவது 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் ஆர்வம். ஆயருக்குப் பின்னால் சங்கிலியோடு வருபவனைப் பாருங்கள்: தேவாலய நாடகங்களில் வந்த சாத்தான் அப்படியே தெரிவான். சங்கிலி, கட்டப்பட்ட சாத்தானின் அடையாளம். வேதபாடம் கேட்டுப் பிள்ளைகளைச் சோதிக்கும் ஆயரும் அவருக்குக் கட்டுப்பட்ட பிசாசும் ஒரே நாடகத்தின் பாத்திரங்கள். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்து ஓப்லார்ன் ஊரில் இன்றும் இதை வசனத்தோடு நாடகமாகவே நடத்துகிறார்கள்.

கேள்வி (பெங்களூரு): இதை யாரும் தடை செய்யவில்லையா?

முயன்றார்கள். 1930களில் ஆஸ்திரியாவில் வந்த சர்வாதிகார ஆட்சிக்குக் கிராம்பஸைப் பிடிக்கவில்லை, ஒடுக்கப் பார்த்தது. 1950களில் 'கிராம்பஸ் கெட்டவன்' என்று பெற்றோருக்குத் துண்டறிக்கையே விநியோகித்தார்கள். குழந்தைகளின் மனம் பாதிக்கப்படும் என்பது காரணம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது.

நகரத்தில் இவன் எப்போதோ சாதுவாகிவிட்டான். உலகின் முதல் அதிகாரபூர்வ அஞ்சலட்டை 1869-இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில்தான் வெளியானது. அந்த நூற்றாண்டின் கடைசியில் 'கிராம்பஸின் வாழ்த்துகள்' என்று அச்சிட்ட அட்டைகள் கட்டுக்கட்டாக விற்றன. கடையில் உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்த கிராம்பஸும், இனிப்பு ரொட்டி மாவில் சுட்ட கிராம்பஸும் கிடைக்கும். என் பிள்ளைகள் ரொட்டிக் கிராம்பஸின் கொம்பைத்தான் முதலில் கடிப்பார்கள்.

கேள்வி: பெர்க்டா என்ற பெண் பேயும் கிராம்பஸும் ஒன்றா?

வேறு. பெர்க்டாவின் காலம் கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6-க்கும் நடுவே வரும் இரவுகள். நூல் நூற்கும் வேலையை முடிக்காதவர்களையும் சோம்பேறிகளையும் தேடி வருவாள். வயிற்றைக் கிழித்து வைக்கோலைத் திணிப்பாள் என்பார்கள். அவள் பெயரில் வரும் 'பெர்க்டன்' வேடங்களில் அழகானவையும் உண்டு, கோரமானவையும் உண்டு. இப்போது டிசம்பர் ஊர்வலங்களில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு இதில் வருத்தம்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐஸ்லாந்தில் பிள்ளைகளைத் தின்னும் கிழவியும் பூனையும் இருக்கினமாமே?

ஓம், இருக்கிறார்கள். எனக்குக் கிராம்பஸைவிட அந்தக் குடும்பம்தான் பிடிக்கும். கிழவி பெயர் கிரிலா. இந்தப் பெயர் 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து நூல்களிலேயே வருகிறது. கிறிஸ்துமஸோடு அவள் சேர்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. குறும்புக்காரப் பிள்ளைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ப் பெரிய பானையில் வேகவைப்பாள். கணவன் லெப்பலூதி எழுந்திருக்கவே சோம்பல் படுபவன்.

இவர்களுக்குப் பதின்மூன்று மகன்கள். டிசம்பர் 12 முதல் ஒரு நாளைக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்குவார்கள். பெயரே வேலையைச் சொல்லிவிடும்: கரண்டி நக்கி, பானை சுரண்டி, கதவு அறைபவன், தொத்திறைச்சித் திருடன், சன்னலில் எட்டிப் பார்ப்பவன். கடைசியாக 24ஆம் தேதி வருபவன் மெழுகுவத்தித் திருடன். மெழுகுவத்தி கொழுப்பில் செய்யப்பட்ட காலம், அது தின்பண்டமும்கூட. இந்தப் பெயர் வரிசை இன்று எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கக் காரணம், 1932-இல் யோகன்னஸ் ஊர் கோட்லும் என்ற கவிஞர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல்கள்.

அப்புறம் அந்தப் பூனை. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களை அது தின்றுவிடும். இலையுதிர்காலத்தில் கத்தரித்த கம்பளியைப் பண்டிகைக்குள் நூற்று, நெய்து முடிக்க வேண்டும்; வேலை செய்தவர்களுக்கே புதுத்துணி. இதில் ஒன்று எனக்கு உறுத்தும். துணி வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைதானே இந்தக் கதையைக் கேட்டு அதிகம் பயந்திருக்கும்?

1746-இல் ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு, இந்தப் பூதங்களைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று ஆணையே போட்டது. இன்று அந்தப் பதின்மூன்று பேரும் சன்னலில் வைத்த காலணியில் பரிசு போடுகிறார்கள். சேட்டை செய்த பிள்ளைக்கு ஓர் உருளைக்கிழங்கு.

கேள்வி: இவர்களில் யாராவது நிஜமாக வாழ்ந்த மனிதரா?

ஒருவர் உண்டு. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் வரும் ஹான்ஸ் டிராப். ஹான்ஸ் ஃபான் டிரோதா என்ற 15ஆம் நூற்றாண்டுக் கோட்டைத் தலைவன். விசெம்பூர் மடத்தோடு நிலத் தகராறு. ஆற்றை மறித்து அணை கட்டி ஊருக்குத் தண்ணீர் வராமல் செய்தான். பிறகு அணையை உடைத்து ஊரை வெள்ளத்தில் விட்டான். ரோம் அவனைத் திருச்சபையிலிருந்தே விலக்கியது. 1503-இல் இறந்தான். தண்ணீரை மறித்தவனை அந்த ஊர் ஐந்நூறு வருடமாகப் பிள்ளைபிடிப்பவனாகவே நினைவில் வைத்திருக்கிறது.

கேள்வி (சிங்கப்பூர்): நெதர்லாந்தின் கறுப்புப் பீட்டர் பற்றி?

1850-இல் வந்த ஒரு குழந்தைகள் படப்புத்தகம் நிக்கோலாஸுக்குக் கறுப்பின வேலைக்காரன் ஒருவனைக் கொடுத்தது. அதிலிருந்து, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டில் சிவப்புச் சாயம் தடவி வேடம் போடுவது வழக்கமாயிற்று. கறுப்பினக் குழந்தைகள் அதனால் பள்ளியில் கேலிக்கு ஆளானார்கள். பல ஊர்களில் இப்போது புகைக்கூண்டுக் கரி கொஞ்சம் தடவியதுபோல மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரி என்பது என் கருத்து.

கேள்வி (சென்னை): நாங்களும் 'பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போவான்' என்றுதானே சோறு ஊட்டுகிறோம். டிசம்பரில் மியூனிக் வருகிறோம். நாலு வயது மகனைக் கிராம்பஸ் ஊர்வலத்துக்குக் கூட்டிப் போகலாமா?

பூச்சாண்டியைக் குழந்தை ஒருநாளும் பார்ப்பதில்லை, அதனால் அவன் எவ்வளவு பெரியவன் என்பதற்கு அளவே கிடையாது. கிராம்பஸ் எதிரே வந்து நிற்கிறான், மணி அடிக்கிறது, பிறகு போய்விடுகிறான். நாலு வயதுக்கு இரவு ஊர்வலம் வேண்டாம். தீப்பந்தம், புகை, மது குடித்த கூட்டம், பெரியவர்களையே இடித்துத் தள்ளும் நெரிசல். நிக்கோலாஸ் இல்லாமல் கிராம்பஸ்கள் மட்டும் வரும் ஊர்வலங்களில்தான் காயங்களும் ஏற்படுகின்றன.

சில குழுக்கள் பகலில் முகமூடிகளைக் காட்சிக்கு வைக்கும். அதற்குக் கூட்டிப் போங்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பையன் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் தோலை மாட்டினான், பிறகு மணியைக் கட்டினான், கடைசியாக முகமூடியை. ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டுக் கழற்றினான். முகமெல்லாம் வியர்வை. என் மகள் எழுந்து போய் அந்தக் கொம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனிடம் கேட்டாள்: "உள்ளே இருக்கும்போது உனக்குப் பயமாக இருக்குமா?"