வாசகர் கேள்விகள்: ஸ்லோவீனியாவின் பாலங்கள்

கேள்வி: கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு ஸ்லோவீனியாவில் இருப்பதாகப் படித்தேன். நூறாண்டு கடந்தும் அதை எவரும் மிஞ்சாதது ஏன்?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது, இத்தாலிய எல்லையை ஒட்டிய சொல்கான் என்னும் ஊரில் சோச்சா ஆற்றைக் கடக்கும் பாலம். அதன் நடு வளைவு, இடையில் தூண் ஏதுமின்றி 85 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. முதலில் 80 மீட்டருக்குத்தான் திட்டமிட்டிருந்தார்கள். கரையில் அடித்தளத்துக்கு ஏற்ற உறுதி கிடைக்காததால் ஐந்து மீட்டர் கூட்ட நேர்ந்தது. ஆக, இந்தச் சாதனையில் மண்ணின் பலவீனத்துக்கும் ஒரு பங்கு உண்டு!

ஆற்றின் குறுக்கே மரச்சாரம் எழுப்பி, அதன்மேல் செதுக்கிய 4,533 சுண்ணாம்புக் கற்களை இரு கரைகளிலிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து வளைவை மூடினார்கள். வளைவு முழுமை பெறும்வரை பாரமெல்லாம் சாரத்தின்மேல்தான். மூடிய பிறகே கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தம்மைத் தாமே தாங்கத் தொடங்கும். 1906இல் ரயில் ஓடத் தொடங்கிய இப்பாலத்தை, முதல் உலகப்போரில் இத்தாலியர் முன்னேறிய வேளையில், 1916 ஆகஸ்டில், கட்டிய ஆஸ்திரியத் தரப்பே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது. போருக்குப்பின் அப்பகுதி வசமான இத்தாலியர், 1927 வாக்கில் அதே அகலத்தில் மீண்டும் கல்லாலேயே கட்டி முடித்தார்கள். நடு வளைவின் தோள்களில் பக்கத்துக்கு ஐந்தாக இருந்த சிறு வளைவுகள் மட்டும் நான்காகிவிட்டன; பழைய புகைப்படத்தையும் இன்றைய பாலத்தையும் அருகருகே வைத்து எண்ணினால் தெரியும்.

மிஞ்ச ஆளில்லாமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவன்று, கான்கிரீட்டின் வரவு. அதற்குச் சான்று அந்நாட்டின் தலைநகரிலேயே இருக்கிறது. 1895ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின், லுப்லியானாவில் பழைய மரப்பாலம் இருந்த இடத்தில், 1901இல் டிராகன் பாலம் எழுந்தது. எஃகு வளைவுகளைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கும் யோசப் மெலானின் முறையில் அமைந்த இதன் வளைவு 33 மீட்டருக்குச் சற்றே அதிகம். கல்லைவிடச் செலவு குறைவு என்பதே கான்கிரீட்டைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம். நான்கு மூலைகளிலும் சிறகு விரித்து அமர்ந்திருக்கும் செப்புத் தகட்டு டிராகன்களைப் படமெடுப்பவர்களில் எத்தனை பேர் காலடியில் இருக்கும் கான்கிரீட்டைக் கவனிப்பார்களோ! சொல்கானில் முதல் ரயில் ஓடுவதற்கு ஐந்தாண்டு முன்பே, கல்லின் காலம் முடிந்துவிட்டதை இந்தப் பாலம் அறிவித்துவிட்டது என்பேன்.

கேள்வி: லுப்லியானாவில் ஒரே இடத்தில் மூன்று பாலங்கள் எதற்கு?

பதில்: 1842இல் கட்டிய நடுப்பாலத்தில் நெரிசல் மிகுந்தபோது, அதை இடிக்காமல், இருபுறமும் நடப்பவர்களுக்கென்று ஒவ்வொரு பாலத்தைச் சேர்த்தார் கட்டடக் கலைஞர் யோழே பிளெச்னிக். இந்தப் பணி 1932இல் நிறைவுற்றது. மூன்றுக்கும் ஒரே மாதிரிக் கைப்பிடிச் சுவர் வைத்ததால், ஒட்டுப்போட்டது தெரியவில்லை. இன்று நடுப்பாலத்திலும் வாகனங்கள் இல்லை.

கேள்வி: புதியவற்றில் குறிப்பிடத்தக்கது எது?

பதில்: துறைமுக நகரான கோப்பருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் 2004இல் திறந்த சர்னி கால் பாலம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தூண்கள் மேலே ஒய் வடிவில் பிரிகின்றன. அப்பகுதியில் சீறும் ‘பூர்யா’ என்னும் வாடைக்காற்று வண்டிகளைப் புரட்டிவிடக்கூடியது என்பதால், பாலத்தின் ஓரங்களில் காற்றுத்தடுப்புகள் பொருத்தியிருக்கிறார்கள்.