அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் முறுக்கிக்கொண்டார்கள்? கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கா செழிப்பாக இருந்த காலம். பிள்ளைகளுக்கு என்ன குறை என்று கலகம் செய்தார்கள்?

பதில்: குறை இல்லாததுதான் காரணம் என்பேன். அப்பா அம்மா 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்டவர்கள், அப்புறம் போரையும் பார்த்தவர்கள். லெவிட்டவுன் மாதிரியான புறநகரில், அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நின்ற வீடுகளில் ஒன்று தவணையில் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய வரம். அதிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது சலிப்பு. முன்பு பதினாறு வயதுப் பையன்கள் பலர் வேலைக்குப் போய்ச் சம்பளத்தை வீட்டில் கொடுத்தார்கள். இந்தப் புறநகர்ப் பையன் பள்ளிக்குப் போனான், கைச்செலவுக்குக் காசு வாங்கினான், நாள் முழுக்கத் தன் வயதுக்காரர்களோடு இருந்தான்.

கேள்வி: ராக் அண்ட் ரோல் இசைதான் கெடுத்தது என்கிறார் என் தாத்தா.

பதில்: தாத்தாவிடம் டிரான்சிஸ்டரைப் பற்றி, அதாவது கையடக்க ரேடியோவைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை ரேடியோ கூடத்தில் இருந்தது. அப்பா வைத்ததுதான் பாட்டு. 1954இல் ரீஜன்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது, விலை 49.95 டாலர். சில வருடங்களில் மலிவான ஜப்பான் சரக்கும் வந்துவிட்டது. போர்வைக்குள் ரேடியோ, காதில் இயர்போன். கறுப்பினப் பாடகர்களின் குரல் வெள்ளையர் வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தது. இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த தென்மாநிலங்களில் பெரியவர்கள் பதறியதற்கு இதில் பெரும் பங்குண்டு. 1957 ஜனவரியில், இடுப்பை ஆட்டி ஆடும் ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை டிவியில் இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள். கீழே என்ன நடக்கிறது என்று நாடே யோசித்திருக்கும்!

கேள்வி: வெறும் முறைப்பு எப்போது அரசியலானது?

பதில்: 1960 பிப்ரவரி 1. தென்மாநிலமான வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையில் வெள்ளையருக்கான இருக்கைகளில் அமர்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை; கடை மூடும்வரை எழவும் இல்லை. உட்கார்ந்தே எதிர்க்கலாம் என்பதை மற்ற மாணவர்கள் அங்கே கற்றார்கள். 1964இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அரசியல் பிரசாரத்துக்குத் தடை வந்தது. ஒருவரைக் கைது செய்து ஏற்றிய போலீஸ் காரைச் சுற்றி மாணவர்கள் 32 மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். மாரியோ சாவியோ என்ற மாணவர் பேசுவதற்காகக் கார்மேல் ஏறினார், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு! வளர்ப்பு எங்கே போகும்?

கேள்வி: வியட்நாம் போர் இல்லாவிட்டால் அடங்கியிருக்குமா?

பதில்: ஓரளவு. அப்போது பதினெட்டு வயதானதும் கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் பதிய வேண்டும், பிறகு துப்பாக்கி தூக்க அழைப்பு வரலாம். பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப்போட 21 ஆக வேண்டும். கல்லூரியில் படித்தால் தள்ளிவைப்பு கிடைக்கும், படிக்க வசதியில்லாதவன் கிளம்ப வேண்டும். 1971இல்தான் நாடு முழுக்க ஓட்டு வயது 18 ஆனது.