'அலீவியேட்' என்றால் குணப்படுத்துவதா?

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டு அலீவியேட் பெயின்' என்று இருக்கிறது, வலி போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போய்விடும் என்று அர்த்தமில்லை. குறையும், தாங்கும்படி ஆகும், அவ்வளவுதான். நோயைக் குணமாக்குவதற்கு 'கியூர்' என்பது வேறு சொல்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் விடிகாலையில் மூட்டை தூக்குகிறவர்களைப் பாருங்கள். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் மூட்டையை ஏற்றுவார்கள். மூட்டையின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தலையில் அழுத்துவது மட்டும் குறைகிறது. அலீவியேட் செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான்.

சொல்லின் பிறப்பிலும் சுமைதான் இருக்கிறது. லத்தீனில் 'லெவிஸ்' என்றால் எடை குறைந்தது. அதிலிருந்து 'அல்லெவியாரே', அதாவது இலேசாக்குதல். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. எலிவேட்டர், ரிலீஃப் எல்லாம் இதே குடும்பம். எனக்குப் பிடித்த சங்கதி வேறு: நாம் சொல்லும் 'இலகு' சமஸ்கிருத 'லகு'விலிருந்து வந்தது, அந்த லகுவும் லத்தீன் லெவிஸும் ஒரே வேரில் பிறந்தவை. ஆக, இது தூரத்துச் சொந்தம்!

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். வலி, வறுமை, கோரிப்பாளையம் டிராஃபிக் என்று தொல்லையைத்தான் அலீவியேட் செய்யலாம், ஆளை அல்ல. 'அலீவியேட் த பேஷன்ட்' என்று எழுதினால் தவறு. ஆளுக்கு 'ரிலீவ்' போடுங்கள். தமிழில் 'தணி', 'ஆற்று' இரண்டும் பொருந்தும். வலிக்கு நான் 'தணி' என்றே எழுதுவேன்.