நாற்பத்து மூன்றில் தட்டடவு

கேள்வி: என் மகளை மூன்று வருடமாகப் பரதநாட்டிய வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். வாசலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அடிக்குத் தாளத்தோடு சொல்கிற சொல்லுக்கட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வயது 43. ‘நானும் சேரட்டுமா’ என்று டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. வீட்டில் ‘இந்த வயசுல எதுக்கு’ என்கிறார்கள். இனிமேல் உடம்பு வளையுமா அக்கா?
– வாசகி, திருச்சி

பதில்: வளையும்மா. குழந்தைக்கு வளைகிற மாதிரி வளையாது, அவ்வளவுதான். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1904-ல் பிறந்தவர். அடையாறு பிரம்மஞான சபையில் அவர் முதன்முதலாக மேடையேறி ஆடியது 1935 டிசம்பரில், அதாவது 31 வயதில். அவர் பாலே ஏற்கெனவே கொஞ்சம் கற்றிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தப்பான நம்பிக்கை கொடுத்ததாகிவிடும். ஆனால் பரதத்தை வளர்ந்த பிறகுதான் படித்தார்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை. ‘தெய்யா தெய்’ காதில் ஊறிப்போயிருக்கிறது இல்லையா, பெரியவர்கள் பலர் தடுமாறுவது அங்கேதான், கால் ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும். உங்களுக்கு அந்தப் பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதி அரைமண்டி, அதாவது பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை விரித்துப் பாதி உட்கார்ந்த நிலை. இங்கேதான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். பாதத்தை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு முட்டி மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த முறுக்கல் முழுவதும் முழங்காலில் இறங்கும். திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். கால்விரல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ முட்டியும் அதே திசையைப் பார்க்கவேண்டும், அதற்காகப் பாதத்தைக் கொஞ்சம் குறைவாகத் திருப்பி நின்றாலும் பரவாயில்லை. எவ்வளவு தாழ உட்காருகிறோம் என்பது அப்புறம். முதல் ஆறு மாதம் முதுகு நேராக, முட்டி விரிந்து, பாதி உயரத்தில் உட்கார்ந்தாலே போதும். பக்கத்தில் எட்டு வயசுக் குழந்தை தரையைத் தொடுகிற மாதிரி உட்காரும், அதைப் பார்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். சொன்னால் புரிந்துகொள்கிறார்களே என்று சீக்கிரம் மூன்றாம் காலத்துக்கு, அதாவது மூன்றாவது வேகத்துக்குப் போய்விட்டேன். முதல் காலத்தில் ஓர் அடி விழுகிற இடத்தில் மூன்றாம் காலத்தில் நான்கு அடி விழும். புத்திக்கு அது புரிந்துவிடும், முட்டியும் கெண்டைக்காலும் அதற்குத் தயாராக மாதக்கணக்கில் ஆகும். இரண்டு பேர் முட்டிவலியோடு நின்றுவிட்டார்கள், இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். அதற்கப்புறம் என் வகுப்பில் பெரியவர்கள் தட்டடவை (பாதத்தைத் தட்டிப் போடுகிற அடவு; அடவு என்றால் ஆட்டத்தின் அடிப்படை அசைவு) முதல் காலத்திலேயே வெகுநாள் போடுகிறார்கள். அலுப்பாக இருக்கும். போட்டுத்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று, தரை. டைல்ஸுக்குக் கீழே கான்கிரீட் இருக்கிற வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் தட்டாதீர்கள், இருபது நிமிஷம் போதும். அடி கேட்கவேண்டும் என்று இடிக்கவும் வேண்டாம். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டையாகப் பட்டால் சத்தம் தானாக வரும். தட்டுவதற்கு முன்னால் கணுக்கால், இடுப்பு, தொடை மூன்றையும் பத்து நிமிஷம் அசைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தொடை வலித்தால் சரி, அது இரண்டு நாளில் போய்விடும். முட்டிக்குள்ளே குத்துகிற வலி வேறு. அன்றைக்கு உடனே நிறுத்திவிட்டு டீச்சரிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் பெரியவர்களுக்கென்று தனி பேட்ச் இருக்கிற இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மகளின் டீச்சரிடமே கேளுங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே மனைக்கட்டையில் தாளக் கழியைத் தட்டிக்கொண்டே எல்லாரையும் பொதுவாக ஓட்டுகிறாரா, எழுந்து வந்து உங்கள் வயதுக்காரர் ஒருவருடைய முட்டியைப் பார்த்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். ‘ஒரே வருஷத்தில் அரங்கேற்றம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் கேட்கிற ‘எதுக்கு’வுக்குப் பதிலே சொல்லவேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை உங்களுக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆண், வயது 35, ஐ.டி. வேலை. சேர ஆசை, ஆனால் கூச்சமாக இருக்கிறது. ஆன்லைனில் கற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், கோவை

பதில்: இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள்தான் தம்பி. சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஒழியவேண்டும் என்று ஊரே பேசிய காலத்தில் அதற்காக வாதாடிய ஈ. கிருஷ்ண ஐயர் ஒரு வழக்கறிஞர். மெலட்டூர் நடேச ஐயரிடம் கற்று, பெண் வேடம் கட்டித் தானே மேடையில் ஆடிக் காட்டியவர். அவரும் சின்ன வயதில் ஆரம்பித்தவர் இல்லை.

ஆன்லைன் பற்றி: முத்திரை, சொல்லுக்கட்டு, பாட்டின் பொருள் இதையெல்லாம் திரையில் படிக்கலாம். அடவு வேண்டாம். நீங்கள் அரைமண்டியில் இடுப்பைப் பின்னால் தள்ளியிருந்தால் நேராக வைத்த கேமராவில் தெரியாது, சத்தம் தாமதமாக வருவதால் டீச்சரும் நீங்களும் ஒரே தாளத்தில் இருக்கவும் முடியாது. முதல் ஒரு வருடமாவது நேரில் போங்கள். அந்தக் கூச்சம் இரண்டாவது வகுப்பில் பாதியாகிவிடும், ஏனென்றால் அடுத்தவரைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

கேள்வி: எனக்கு 61 வயது. முட்டித் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆசை மட்டும் போகவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: அடவு வேண்டாம்மா, அதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆனால் பதம் என்கிற மெதுவான பாட்டுக்கு உட்கார்ந்தபடியே அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம், கண்ணும் கையும் முகமும் போதும். ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகப் பொருள் காட்டவேண்டும். ‘அவன் வரவில்லை’ என்ற ஒரு வரிக்கு இருபது வயதுப் பெண் இரண்டு விதம் காட்டினால் நீங்கள் பத்து விதம் காட்டுவீர்கள். அபிநயம் மட்டும் தனியாகச் சொல்லித்தருவீர்களா என்று பக்கத்தில் இருக்கிற டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். போகும்போது டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள், கை வீச இடம் வேண்டும்.